ஏழாவது ஆள்

பிரிஜட்டின் புருஷன் சவரிராஜ் வருஷத்தில் முக்கால்வாசி கடலில் இருந்தார். மீதி நாள்கள் சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக்கின் எட்டாவது மாடி வீட்டில், விருந்தாளி மாதிரி இருந்தார். ஒவ்வொரு தடவை கரைக்கு வரும்போதும் சீனி எந்த ஜாடி, உப்பு எந்த ஜாடி என்று புதிதாகக் கேட்பார். துணி காயப்போடும் மூங்கில் கழியை ஜன்னலுக்கு வெளியே செருகத் தெரியாமல் செருகி, கீழே நின்றிருந்த யாரோ ஒருவரின் மோட்டார் சைக்கிள் மேல் இரண்டு புடவையோடு விழ வைத்தவர் அவர். எண்ணெய்க் கப்பலின் எஞ்சின் அறையில் பத்து வருஷம் குப்பை கொட்டிய மனிதருக்கு ஒரு மூங்கில் கழி அடங்கவில்லை.

பிரிஜட் ஜூரோங்கில் ரேடியோவுக்கு உதிரிபாகம் செய்யும் ஃபேக்டரியில் வேலை பார்த்தாள். மகள் ரூபி தொடக்கப்பள்ளியில் படித்தாள். ஞாயிறு காலையில் பஸ் ஏறி ஓஃபிர் ரோட்டு லூர்து மாதா கோயிலில் தமிழ்ப் பூசை, அது முடிந்ததும் சிராங்கூன் ரோட்டில் கொஞ்ச நேரம், பிறகு தேக்கா மார்க்கெட். கூடவே மதலேனா வருவாள். மதலேனாவின் புருஷன் லாசரஸுக்கும் அதே கப்பல், அதே எஞ்சின் அறை. லாசரஸ் ஐந்தாறு வயது இளையவன். அவனைக் கப்பல் வேலைக்கு இழுத்துக்கொண்டு போனதே சவரிராஜ்தான். கப்பலில் அவர்கள் இருவருக்கும் ஒரே அறை, ஒரே மேசை. கரையில் இந்த இரண்டு பெண்களுக்கும் கோயிலில் ஒரே பெஞ்சு.

எண்பத்தாறாம் வருஷம், தவக்காலம் தொடங்கிய வாரத்தில், வளைகுடாவில் அந்தக் கப்பலின் பின்பக்கம் குண்டு விழுந்தது. ஈரானும் ஈராக்கும் சண்டையில் இருந்த காலம். அந்தக் கடலில் எண்ணெய் ஏற்றிப் போகும் கப்பல் யாருடையதாக இருந்தாலும் அடி விழும். சுட்டது யார் என்று கேட்டால் எல்லோரும் கையை விரிப்பார்கள். எரிந்துகொண்டிருந்த கப்பலிலிருந்து தப்பியவர்களைக் கொடியில்லாத படகுகள் வந்து அள்ளிக்கொண்டு போயின. அதற்கும் யாரும் பொறுப்பேற்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து அந்தக் கப்பலில் போனவர்கள் ஒன்பது பேர். யார் தப்பினார், யார் தப்பவில்லை என்று கப்பல் கம்பெனிக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அவர்கள் பேசிய பேச்சில் ஒன்றும் விளங்கியிருக்காது.

பிரிஜட் பங்குச் சாமியாரிடம் போய், பூசை வைக்க வேண்டும் என்றாள். "இறந்தவங்களுக்கா, பயணம் போனவங்களுக்கா?" என்று சாமியார் கேட்டார். அவள் விழித்துக்கொண்டு நின்றாள். பாவம், அவருக்கும் வேறு வழியில்லை, பலிபீடத்தில் ஏதாவது ஒன்றைச் சொல்லித்தானே ஆக வேண்டும். கடைசியில் அவரே, "பயணம் போனவங்களுக்குன்னு வெச்சுக்குவோம்மா" என்றார்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம் தொடங்கியது. அவர்கள் பிளாக்கில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. ஒன்பதாவது மாடியில் இறங்கி ஒரு மாடி படியிறங்கி வர வேண்டும். பிரிஜட்டுக்குக் காலை ஷிஃப்ட். பிற்பகல் அவள் வீட்டில் தனியாக இருக்கும் வேளையில் மேலே லிஃப்ட் கதவு திறக்கும். செருப்புச் சத்தம் படியில் இறங்கி வரும். இடது செருப்பு கொஞ்சம் இழுபடும். சவரிராஜுக்கு இடது குதிகாலில் பழைய தீக்காயம் உண்டு, அவர் அப்படித்தான் நடப்பார். சத்தம் வீட்டு இரும்புக் கதவுக்கு வெளியே வந்து நின்றுவிடும். அவள் போய்த் திறந்து பார்த்தால் நடைபாதை வெறிச்சோடிக் கிடக்கும். எதிர்வீட்டுச் சீன அம்மா காயப்போட்ட மீன் வாடை மட்டும் இருக்கும். முதல் இரண்டு தடவை அவளுக்குப் பயமாக இருந்தது. அப்புறம் கோபம் வந்தது. "வர்றதுன்னா உள்ள வாங்க, இல்லன்னா போயிடுங்க" என்று வெறும் நடைபாதையைப் பார்த்து ஒருநாள் சத்தமாகவே சொன்னாள். சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மே மாதம் டன்லப் ஸ்திரீட்டிலிருந்து ஆள் வந்தது. அங்கே ஒரு மளிகைக் கடைக்கு மேலே ஒலி முகம்மது என்பவர் ஹஜ் பயண ஏற்பாட்டு ஆபீஸ் வைத்திருந்தார். இளமையில் வளைகுடாக் கரையில் ஒரு சின்ன நாட்டின் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அரபு மொழி தண்ணீர்பட்ட பாடு. அந்தச் சின்ன நாடுதான் இப்போது மத்தியஸ்தத்துக்கு வந்திருந்தது. அதன் பெயரைச் சொல்லக் கூடாது என்பது அவர்கள் போட்ட முதல் நிபந்தனை. இங்கேயும் சொல்ல வேண்டாம்.

ஒன்பது குடும்பமும் அந்த ஆபீஸில் நெருக்கியடித்து உட்கார்ந்தது. "பெரிய நாடெல்லாம் இருக்கே பாய், இந்தச் சுண்டக்காய் நாடு போய் என்ன செய்யும்?" என்று மதலேனா கேட்டுவிட்டாள்.

ஒலி முகம்மது சிரித்தார். "நம்மளும் சுண்டக்காய்தானே தங்கச்சி. பெரிய நாடு போய்க் கதவைத் தட்டுனா, உள்ள இருக்கிறவன் துப்பாக்கியைத் தேடுவான். இவங்க போய்த் தட்டுனா, ஓ அவங்களா, உள்ள வரச் சொல்லு, காப்பி போடுன்னுவான் லா. அம்புட்டுதான் இவங்க சொத்து."

அந்த நாட்டுக்காரர் ஒருவர் வந்திருந்தார். ஒல்லியாக, உயரமாக, கோட்டு சூட்டில் வியர்த்துக்கொண்டு இருந்தார். எல்லோரும் அவரை மத்தியஸ்தர் என்றே சொன்னார்கள். அவர் ஆங்கிலத்தில் பேசப் பேச ஒலி முகம்மது தமிழிலும் மலாயிலும் சொன்னார். மத்தியஸ்தரின் தொழில்முறை இதுதான்: எதையும் எழுத மாட்டார், எழுதினால் ஒருநாள் அது யார் கையிலாவது போய்ச் சேரும். இந்தப் பக்கம் சொன்னதை அந்தப் பக்கம் அப்படியே சொல்வார், ஒரு சொல் கூட்டமாட்டார், ஒரு சொல் குறைக்கமாட்டார். அது நிஜமா பொய்யா, அதற்கு என்ன அர்த்தம் என்று தன் கருத்தைச் சொல்லவே மாட்டார். தனியாகக் கூப்பிட்டுக் காதிலும் பேசமாட்டார். எல்லோர் முன்னிலையிலும்தான் பேச்சு.

தப்பியவர்களைப் படகில் கொண்டுபோய்ப் பிடித்து வைத்திருப்பவர்களுக்கும் ஒரு தேவை இருந்தது. அவர்கள் ஆட்கள் சிலர் வேறொரு நாட்டுச் சிறையில் இருந்தார்கள். ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். ஆனால் தங்களிடம் இருப்பவர்களை முகம் பார்க்க விடவில்லை, பெயரும் சொல்லவில்லை. ஓர் இரும்புக் கதவுக்கு வெளியே நின்று கேள்வி கேட்கலாம், உள்ளேயிருந்து பதில் வரும், அவ்வளவுதான்.

"அதனால ஒவ்வொரு குடும்பமும் ஒரு கேள்வி குடுங்க" என்றார் ஒலி முகம்மது. "உங்க ஆளுக்கு மட்டும் பதில் தெரிஞ்ச கேள்வியா இருக்கணும். பதில் எங்களுக்குத் தெரிய வேணாம். அது உங்க மனசுல இருக்கட்டும்."

மதலேனா, "எங்க கல்யாணத்தன்னிக்குக் கோயில் வாசல்ல அவருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கச் சொன்னாள். அன்று லாசரஸின் இடது ஷூவின் அடி பிய்ந்து, மாப்பிள்ளை நொண்டிக்கொண்டே பீடம் வரை போன கதை அது.

பிரிஜட், "சவரிராஜ் எதைத் தின்ன மாட்டாரு?" என்று கேட்கச் சொன்னாள். ரூபி கைக்குழந்தையாக இருக்கும்போது காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தாள். சவரிராஜ் மாதாவிடம், பிள்ளை பிழைத்தால் இனி முட்டையைத் தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டார். காப்பிக்கடையில் அரைவேக்காட்டு முட்டையில் மிளகுத்தூள் தூவி, இரண்டு போதாமல் மூன்றாவது கேட்டுக்கொண்டிருந்த மனிதர் அவர். நேர்ச்சையை யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் பலிக்காது என்பது அவர்கள் பழக்கம். மாமியாரிடம்கூட பிரிஜட் சொன்னதில்லை. ஆகவே புருஷனுக்கும் தனக்கும் மாதாவுக்கும் தவிர யாருக்கும் தெரியாது என்று நம்பினாள். நேர்ச்சையைச் சொல்லாமல் இருக்கலாம், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனின் கண்ணை மறைக்க முடியாது என்பது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

ஜூன் கடைசியில் பதில்கள் வந்தன. ஒன்பது கேள்விக்கு ஏழு பதில். கப்பலில் சமையல் வேலை பார்த்தவரின் மனைவி ஹலீமாவுக்குப் பதில் இல்லை, ஒரு சீனக் குடும்பத்துக்கும் இல்லை. மதலேனாவுக்குச் சரியான பதில் வந்தது. பிரிஜட்டின் முறை வந்ததும் ஒலி முகம்மது, "முட்டை" என்றார். பிரிஜட்டும் மதலேனாவும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். அன்று தேக்காவில் கோழி வாங்கினாள் பிரிஜட். ரூபியிடம், அப்பா வருகிறார் என்று சொன்னாள். அந்த வாரம் படியில் சத்தம் கேட்கவில்லை.

ஆகஸ்டில் மத்தியஸ்தர் மறுபடியும் வந்தார். அவர் முகம் வாடியிருந்தது. ஏழு பேருக்கு ஏழு பேர் என்று பேச்சை முடிக்கப் போனால், பிடித்து வைத்திருந்தவர்கள், "எங்களிடம் இந்த ஊர்க்காரர்கள் ஆறு பேர்தான், எப்போதும் ஆறு பேர்தான்" என்று சத்தியம் செய்தார்களாம். ஏழு பதில் வந்ததே என்று இவர்கள் சொல்ல, ஏழாவது ஆளை நீங்களே உண்டாக்கி, அவன் வரவில்லை என்று சொல்லி எங்கள் ஆள் ஒருவனைச் சிறையிலேயே வைக்கப் பார்க்கிறீர்களா என்று அவர்கள் எகிற, எல்லாம் நின்றுபோயிற்று. ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று இந்தப் பக்கம் சொன்னது. ஏமாற்றுகிறீர்கள் என்று அந்தப் பக்கம் சொன்னது. நடுவில் ஏழாவது ஆள் ஒருவர், உடம்பு இல்லாமல் குரல் மட்டுமாக, கதவை அடைத்துக்கொண்டு நின்றார். அவர் யாரென்று தெரியும்வரை மற்ற ஆறு பேருக்கும் விடுதலை இல்லை.

"ஒரே ஆளு ரெண்டு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கலாம்" என்று குடும்பங்களில் யாரோ சொன்னார்கள். எல்லோருடைய கண்ணும் பிரிஜட் மேலும் மதலேனா மேலும் வந்து விழுந்தது. ஒரே அறை, ஒரே மேசை என்று தம்பட்டம் அடித்தவர்கள் இவர்கள்தானே.

அடுத்த ஞாயிறு மதலேனா வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள். தலைவலி, மின்விசிறிக்குக் கீழே உட்கார வேண்டும் என்றாள். அந்தப் பக்கம் மின்விசிறியே கிடையாது. முழங்காலில் நின்று ஜெபமாலை உருட்டும்போது பிரிஜட்டின் மனதுக்குள் ஒரு வேண்டுதல் தானாக எழுந்தது: மாதாவே, செத்தது லாசரஸாக இருக்கட்டும். சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டாள். லாசரஸ் அவள் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டவன், ரூபியின் ஞானத்தகப்பன். அதே நேரத்தில் இரண்டு பெஞ்சு தள்ளி மதலேனா எதை வேண்டிக்கொண்டிருப்பாள் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. நல்ல பெண்கள் இருவரும். ஒரே கோயிலில், ஒரே மாதாவின் முன், ஒருத்தி தாலியை ஒருத்தி அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

செருப்புச் சத்தம் திரும்ப வந்தது. இப்போது அது கதவு வரை வரவில்லை. படியின் நடுவில் நின்றுவிட்டது. இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை.

மத்தியஸ்தர் இன்னொரு கேள்வி தரச் சொன்னார். ஏழு குடும்பமும் புதிதாகக் கொடுக்க வேண்டும். "கூட இருந்தவனுக்குக்கூடத் தெரியாத கேள்வியா இருக்கணும்" என்றார் ஒலி முகம்மது. "அவரு வெளிய சொல்லவே முடியாத விஷயமா இருந்தா நல்லது."

பிரிஜட்டுக்கு அப்படி ஒன்று இருந்தது. அது போன தடவை சவரிராஜ் கரையில் இருந்த கடைசி நாள்களில் நடந்தது. பெட்டி கட்டிக்கொண்டிருந்தவர் சட்டென்று உட்கார்ந்து, "இந்தத் தடவை போகல பிரிஜட். இங்கயே ஏதாவது வேலை பாக்கறேன். ரூபி வளர்றத நான் பாக்கவே இல்ல" என்றார். ஒரு புருஷன் பெண்டாட்டியிடம் சொல்லக்கூடிய நல்ல வார்த்தைதான். ஆனால் அன்று காலையில்தான் அவர் அரிசி டின்னில் சீனியைக் கொட்டியிருந்தார். பத்து வருஷம் வீட்டை ஒற்றை ஆளாக நடத்திய பெண் அவள். எல்லாவற்றுக்கும் குறுக்கே ஒரு ஆள் நிற்பது அவளுக்குப் பழக்கமில்லை. "போயிட்டு வாங்க" என்றாள். "நீங்க கப்பல்ல இருக்கும்போதுதான் நமக்குள்ள நல்லா இருக்கு. வீட்ல இருந்தா எனக்கு மூச்சு முட்டுது."

அவர் பெட்டியை மூடினார். அதற்கப்புறம் நாலு மாதத்தில் கப்பலில் குண்டு விழுந்தது.

இதை அவள் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. பாவத்தில் எந்த வகை என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் சவரிராஜ் இதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார் என்பது நிச்சயம். எந்த ஆம்பளை மெஸ்ஸில் உட்கார்ந்து, என் பெண்டாட்டிக்கு நான் வீட்டில் இருந்தால் மூச்சு முட்டுகிறதாம் என்று சொல்வான்?

"அவரு இனிமே கப்பலுக்குப் போகலன்னு சொன்னப்ப, சம்சாரம் என்ன சொன்னாங்கன்னு கேளுங்க பாய்" என்றாள். மத்தியஸ்தர் அதைக் கேட்டு, வாய்க்குள் இருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பதில் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் எல்லோரும் டன்லப் ஸ்திரீட் மாடியில் கூடினார்கள். பதில் கிடைக்காத ஹலீமாவும் வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் ஒரு கூட்டத்தையும் தவறவிட்டதில்லை. மதலேனா ஜன்னல் பக்கம் இருந்தாள். மத்தியஸ்தர் ஒவ்வொரு குடும்பமாகப் பார்த்து, கேள்வி, பதில் இரண்டையும் சொன்னார். குடும்பம் சரி என்றது. மதலேனாவின் பதிலும் சரி. அடுத்த அறையில் தூங்கும் மாமனார் எந்தக் கனவில் கத்துவார் என்பது போன்ற ஏதோ ஒன்று. கேட்டு ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

பிறகு ஒலி முகம்மது பிரிஜட்டைப் பார்த்தார். மத்தியஸ்தர் சொன்னதை மெதுவாகச் சொன்னார். "சம்சாரம் அழுதாங்களாம். போகாதீங்க, போகாதீங்கன்னு கெஞ்சினாங்களாம். இவருதான் கேக்காம வந்துட்டாராம்."

அறையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. பின்னே? எந்தப் பெண்டாட்டியும் அதைத்தானே சொல்வாள். யாரோ ஒரு பெண்மணி பிரிஜட்டின் தோளைத் தொட்டுத் தடவிக் கொடுத்தாள்.

பிரிஜட் தலை நிமிரவில்லை. அவள் செய்த தப்பு அந்த நொடியில்தான் அவளுக்குப் புரிந்தது. வெளியே சொல்ல முடியாத விஷயத்தைக் கேள்வியாக்கினால் பதில் எப்படி வரும்? கதவுக்கு உள்ளே ஆறு பேர் காது கொடுத்துக்கொண்டிருக்கும்போது சவரிராஜ் அவளைக் காட்டிக் கொடுப்பாரா? அழுதாள், கெஞ்சினாள் என்று அவரேதான் சொல்லியிருப்பார். அவர் அப்படிப்பட்ட மனிதர்தான். அப்படியென்றால் இந்தப் பொய்யான பதில் உயிரோடு இருக்கிற சவரிராஜ் சொன்னதாகவும் இருக்கலாம். சவரிராஜிடம் இந்தப் பொய்யைக் கேட்ட வேறு ஒருவன் சொன்னதாகவும் இருக்கலாம்.

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை. சவரிராஜ் கதவுக்கு அந்தப் பக்கம் உயிரோடு இருப்பார். அவளும் அழுது கெஞ்சிய பெண்டாட்டியாக இருப்பாள். ஆறு பேர் அங்கேயே கிடப்பார்கள். கிடக்கட்டுமே என்று ஒரு குரல் அவளுக்குள் சொன்னதை மறைப்பதற்கில்லை.

மதலேனா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை, பயம்தான் இருந்தது.

பிரிஜட் யோசித்தாள். அவர் ஊருக்கெல்லாம் என்ன சொன்னாலும் சொல்லியிருப்பார். தன்னிடம் மட்டும் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. சீனியை அரிசியில் கொட்டினாலும் வந்து சொல்லிவிடுவார். கேள்வி தன்னிடமிருந்து வந்தது, பதில் தன்னிடம் வரப்போகிறது என்று தெரிந்தால், கூட இருப்பவர்கள் சிரித்தாலும் சரி, அவர் தன் பிரிஜட்டுக்குப் பொய் அனுப்பமாட்டார். இது அவர் அனுப்பின பதில் இல்லை.

"தப்பு" என்றாள்.

"நல்லா யோசிச்சுக்க தங்கச்சி" என்றார் ஒலி முகம்மது. பாவம், மத்தியஸ்தத்தில் அவர் பழகியவர் இல்லை. மத்தியஸ்தர் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

"தப்பு பாய். நான் அழல. கெஞ்சல. போயிட்டு வாங்கன்னு சொன்னேன். நீங்க வீட்ல இருந்தா எனக்கு மூச்சு முட்டுதுன்னு சொன்னேன்." அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. "இதை அப்படியே இவர்கிட்ட சொல்லுங்க. ஒண்ணும் குறைக்காதீங்க. ஆறு பேருதான்."

ஒலி முகம்மது சொன்னார். மத்தியஸ்தர் கேட்டுக்கொண்டார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை, சொல்வது அவர் முறை இல்லை. எழுந்து நின்று, அவள் வாசலைத் தாண்டும்வரை உட்காராமல் இருந்தார். படியிறங்கும்போது பின்னாலிருந்து ஒரு கை வந்து அவள் கையைப் பிடித்தது. மதலேனா என்று நினைத்தாள். ஹலீமா.

நவம்பர் கடைசியில் ஆறு பேரும் சாங்கி விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். பிரிஜட் போகவில்லை. இடைப்பட்ட ஆறு வாரமும் அவள் பட்டது அவளுக்கும் அந்தப் படிக்கட்டுக்கும்தான் தெரியும். சத்தம் அறவே நின்றுவிட்டது. நின்றது இன்னும் கொடுமையாக இருந்தது. உயிரோடு இருந்த மனிதரை நானே என் வாயால் கொன்றுவிட்டேனா என்று நினைத்து நினைத்து அவள் ஒன்பதாவது மாடிக்கு ஏறிப் போய் லிஃப்ட் வாசலில் நிற்பாள். ஃபேக்டரியிலும் கோயிலிலும் ஆளாளுக்குப் பேசினார்கள். மூச்சு முட்டுதுன்னாளாமே, புண்ணியவதி, நல்லாத்தான் மூச்சு விடட்டும் இப்போ என்று ஒருத்தி அவள் காதுபடவே சொன்னாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் லாசரஸ் புக்கிட் பாத்தோக்குக்கு வந்தான். மதலேனாவும் கூட வந்து, உள்ளே வராமல் கதவருகில் நின்றாள். லாசரஸின் இரண்டு கையிலும் தோல் சுருங்கிப் பளபளவென்று இருந்தது. பிரிஜட் தண்ணீர் கொடுத்தாள். தம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துப் பிடித்துக் குடித்தான்.

"அண்ணன் அன்னிக்கே போயிட்டாரு அண்ணி" என்றான். "குண்டு விழுந்தப்ப ரெண்டு பேரும் கீழதான் இருந்தோம். என்னை முன்னால ஏணியில ஏத்தி விட்டாரு. நான் மேல வந்து திரும்பிப் பாத்தேன். ஏணியே இல்ல."

பிரிஜட்டுக்கு முதலில் வந்தது நிம்மதி. அதைச் சொல்லத்தான் வேண்டும். நான் கொல்லவில்லை என்ற நிம்மதி. அது வந்த வேகத்தில் போயிற்று. "அப்புறம் ஏன் தம்பி பதில் சொன்ன? முட்டைன்னு ஏன் சொன்ன? அம்புட்டு மாசம் நாங்க..."

"அவரு உசுரோட இருக்காரான்னு யாரும் கேக்கலயே அண்ணி. கதவுக்கு வெளிய ஒரு ஆளு நின்னு, சவரிராஜ் எதைத் தின்ன மாட்டாருன்னு கேட்டான். அங்க இருட்டுல அண்ணன் பேரை ஒருத்தன் சொல்றான். முட்டைன்னு வாயில வந்துடுச்சு. அவரு தட்டுல வெச்ச முட்டையெல்லாம் இத்தனை வருஷமா நான்தானே தின்னேன். பதில் வரலன்னா அவரு செத்தது நெசமாயிடும்னு தோணுச்சு. ரெண்டாவது தடவையும் அப்படித்தான். தெரிஞ்சதைச் சொன்னேன்." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நீங்க நெசமா என்ன சொன்னீங்கன்னு மதலேனா சொன்னா."

கதவருகில் மதலேனா அழத் தொடங்கியிருந்தாள். பிரிஜட் அவளை உள்ளே வரச் சொல்லவில்லை. அவளுக்குக் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது.

"நான் அழுதேன்னு அவரு எப்பச் சொன்னாரு?"

"எப்பவும்தான் அண்ணி. மெஸ்ஸுல எவனாவது வீட்டுப் பேச்சை எடுத்தா அண்ணன் அதைத்தான் சொல்லுவாரு. ஒவ்வொரு தடவையும் நீங்க இன்னும் கொஞ்சம் கூட அழுவீங்க."

"கடைசியாச் சொன்னப்ப எவ்வளவு அழுதேன்?"

"லிஃப்ட் வரைக்கும் ஓடி வந்து சட்டையைப் பிடிச்சு இழுத்தீங்களாம். போட்டிருந்த சட்டையில மேல்பை ஒரு பக்கம் கிழிஞ்சு தொங்கும். இது பிரிஜட் இழுத்ததுடான்னு எல்லாருக்கும் காட்டுவாரு. தைச்சுத் தரேன்னாலும் குடுக்க மாட்டாரு."

பிரிஜட் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பெட்டியில் சட்டைகளை மடித்து வைத்தது அவள்தான். ஒன்றில் பை கிழிந்திருந்தது அவளுக்குத் தெரியவே தெரியாது.